கீமோ, ஆபரேஷன், மறுபடி கீமோ: உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

அப்பாவுக்கு உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் கட்டி. "வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது, எதுக்கு முதல்ல கீமோ?" என்று தேன்கனிக்கோட்டையில் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கீமோ முதலில் கொடுத்தால் கட்டி சுருங்கும்; ஸ்கேனில் தெரியாமல் உடம்பில் பரவியிருக்கும் செல்களும் அடிபடும். அதனால் நாள் கடத்துகிறார்கள் என்று பயப்படாதீர்கள்.

பயாப்ஸி (கட்டியில் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டில் புற்றுநோய் எந்த வகை என்று கேளுங்கள். அப்பாவுக்கு அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி செல்களில் தொடங்கும் வகை. உடம்பு தாங்கும் என்றால் இதற்கு ஃப்ளாட் (FLOT) என்ற 4 மருந்துக் கூட்டு கொடுக்கிறார்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆபரேஷனுக்கு முன் 4, பின் 4. ஸ்குவாமஸ் என்ற, தட்டை செல்களில் தொடங்கும் வகைக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சும் சேரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே கையில் கொண்டுபோங்கள்.

வீட்டுக்காரர்களின் பெரிய வேலை, எடை குறையாமல் பார்ப்பது. நம் பக்கம் களியை மெல்லாமல் உருட்டி விழுங்கிப் பழக்கம். கட்டி இருக்கும்போது அது அடைத்துக்கொள்ளும். அதே கேழ்வரகை அன்றன்றைக்குப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுங்கள். புளித்த பழைய கூழ் இந்தச் சமயத்தில் வேண்டாம். நன்றாக வெந்த முட்டை, மசித்த பருப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கஞ்சியே இறங்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், குடலுக்கு டியூப் வைக்கலாம்.

ஃப்ளாட்டின் நான்கு மருந்தில் ஆக்ஸாலிபிளாட்டின் என்பது ஏறினால் உடம்புக்குக் குளிர் ஆகாது. எங்கள் ஊர் மார்கழிக் காலையில் அப்பா எவர்சில்வர் சொம்பைத் தொட்டாலே விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் இருக்கும் என்பார். டிரிப் ஏறிய பின் சில நாள் வெந்நீர்தான், கைக்கு உறை, காதுக்கு மப்ளர்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீமோ ஓடுகிறது என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

முதல் 4 கீமோ முடிந்து உடம்பு தேற சில வாரம் விட்டுத்தான் ஆபரேஷன். பீடி, புகையிலையை அதற்கு வெகு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி தருவார்கள். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, வாயால் மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் நிமோனியா வராமல் இருக்க இந்தப் பயிற்சி உதவும்.

ஆபரேஷனில் கட்டி உள்ள பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய்போல் ஆக்கி நெஞ்சுக்குள் ஏற்றி இணைப்பார்கள். அதனால் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் கொள்ளும். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள்; கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வையுங்கள். மாம்பழச் சாறு மாதிரி இனிப்பு வேகமாக இறங்கினால் வியர்த்து, படபடவென்று வரும்.

மீதி 4 கீமோதான் கஷ்டம். எல்லாராலும் முடிப்பதில்லை. தெம்பு இல்லை என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ, ஒரு வாரம் தள்ளியோ கொடுப்பார்.