மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் வேலை: எங்கே கோட்டை விடுகிறோம்?

மனச்சிதைவோ, மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலாரோ முற்றிய வாரத்தில், பல வீடுகளில் முதல் வேலையாக ராஜினாமாக் கடிதத்தை எழுதிவிடுகிறார்கள். நோயாளி தானாக எழுதுவார். இல்லையென்றால் 'விஷயம் வெளியே தெரியுமுன் நின்றுவிடலாம்' என்று வீட்டாரே எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆறு வாரத்தில் மருந்து பிடித்து ஆள் தெளிந்தபின் திரும்பிப் போக வேலை இருக்காது. இந்த ஒரு கடிதத்தைத் தள்ளிப்போட்டாலே பாதிச் சிக்கல் குறையும்.

அரசு ஊழியராக இருந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பிரிவு 20 துணைக்கு இருக்கிறது. பணியில் சேர்ந்தபின் இயலாமை வந்தவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலையைப் பார்க்க இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகை இயலாமைகளில் மனநோயும் ஒன்று. ஆனால் இந்தப் பாதுகாப்பு நீக்கப்படுகிறவருக்குத்தான். தானே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவருக்கு வாதாட இடம் மிகக் குறைவு.

தனியார் வேலையில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அங்கேயும் வழி உண்டு. சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். அதைத் தாண்டி நீண்டகால நோய்களுக்கென்று 34 நோய்கள் கொண்ட தனிப் பட்டியல் இருக்கிறது. மனச்சிதைவு, பைபோலார், உள்ளிருந்து எழும் கடும் மனச்சோர்வு ஆகியவை அதில் வருகின்றன. இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாளாவது பங்களிப்புச் செலுத்தியிருந்தால், 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கக்கூடும். பட்டியலில் காசநோயும் புற்றுநோயும் இருப்பது பலருக்குத் தெரியும், மனநோய் இருப்பது தெரிவதில்லை. இங்கே நடக்கிற தவறு, வெளியில் ஒரு தனியார் மருத்துவரிடம் மட்டும் காட்டிவிட்டு இஎஸ்ஐ மருந்தகத்துக்கே போகாமல் இருப்பது. வெளிச்சீட்டு கையில் இருந்தாலும் இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்று இல்லாமல் பணம் வராது. முதல் வாரத்திலேயே அங்கே பதிவு செய்துவிடுங்கள்.

காப்பீடே இல்லாத சிறு நிறுவனமா? சொல்லாமல் வராமல் இருப்பதுதான் அங்கே ஆளை விழுத்தும். மருத்துவச் சான்றை மின்னஞ்சலிலோ ஸ்பீடு போஸ்ட்டிலோ அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சான்றில் நோயின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 'சிகிச்சையில் உள்ளார், இத்தனை நாள் ஓய்வு தேவை' என்பது விடுப்புக்குப் போதும். முழு கேஸ் ஷீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து மனிதவளப் பிரிவிடம் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் மருத்துவ விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. அதை நாமே கைவிட வேண்டாம்.

நோயைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கேட்காத இடத்தில் வலியப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் நேராகக் கேட்டிருந்தால் பொய் எழுதவும் கூடாது, பின்னால் அதுவே தனிக் குற்றமாக நிற்கும். சலுகை தேவைப்படுகிறவர் நோயின் பெயரை விட்டுவிட்டு வேலைக்கான எல்லையைச் சொல்வது நல்லது: 'நான் ஒரு மருந்து எடுத்துக்கொள்கிறேன், இரவு ஷிப்ட் ஒத்துவராது. பகல் ஷிப்ட் என்றால் முழு வேலையும் பார்ப்பேன்.' மேலாளருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும்போது

விண்ணப்பத்தில் தவறான கட்டத்தைத் தேர்வு செய்வது சர்வ சாதாரணமாக நடக்கிறது. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'மனநிலை சரியில்லை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால், இ-சேவை மையத்தில் இருப்பவர் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று பதிந்துவிடுகிறார். பரிசோதனை அன்று இரண்டும் பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பும். இதே குழப்பத்தால்தான் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் பலர் விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள். அது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வருவது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை இயலாமை ஆகிய நான்குக்கு மட்டும். மனநோய் அதில் இல்லை. அந்தச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழு தரும் பாதுகாவலர் சான்றும் மனநோய்க்குப் பொருந்தாது.

அடுத்த சறுக்கல் மதிப்பீட்டு நாளில். மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறார்கள். தன்னைப் பேணுதல், உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. அதோடு நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை சேரும். மொத்தம் 8 வந்தால் 40 சதவீதம். அதற்குக் கீழே போனால் இட ஒதுக்கீடு முதலிய பெரும்பாலான சலுகைகள் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். எட்டு ஆண்டாக நோய் இருப்பவருக்குக் காலத்துக்காக 3. தன்னைப் பேணுதல் 1, உறவு 2, பேச்சு 1, வேலை 3 என்றால் மொத்தம் 10. அதே ஆளைப் புதுச் சட்டை போட்டு அழைத்துப்போய், கூச்சத்தில் 'இப்போ நல்லாத்தான் இருக்கான் டாக்டர்' என்று அம்மா சொன்னால், தன்னைப் பேணுதல், உறவு, வேலை மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி குறைந்து மொத்தம் 7-க்கு இறங்கும். மருத்துவர் அரை மணி நேரத்தில் பார்ப்பது அன்றைய முகத்தை மட்டும்தான். அதனால் ஒரு தாளில் எழுதிப் போங்கள்: கடைசி மூன்று வேலைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம், ஏன் நின்றது, மாதத்தில் எத்தனை நாள் போகவில்லை, குளிக்கச் சொல்லித் தூண்ட வேண்டியிருக்கிறதா, மருத்துவமனையில் சேர்த்த தேதிகள். கூட்டிச் சொல்லத் தேவையில்லை, மறைக்காமல் இருந்தால் போதும்.

சான்று கிடைத்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம்புவதும் தப்புக் கணக்கே. அரசுப் பணியில் மொத்த ஒதுக்கீடு 4 சதவீதம். அதில் கடைசி 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை இயலாமை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. போதாததற்கு, அந்தப் பதவி மனநோய் உள்ளவருக்கு ஏற்றதென்று அடையாளம் காணப்பட்டிருக்கவும் வேண்டும். கட்டணம் கட்டுமுன் அறிவிக்கையின் பின்னிணைப்பைப் படியுங்கள்.

மருந்தும் வேலை நேரமும்

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் நன்றாகப் போகும். 'அதான் சரியாகிவிட்டதே' என்று மாத்திரை நிற்கும், சில வீடுகளில் கூடவே பெண் பார்க்கும் படலமும் தொடங்கும். சில மாதத்தில் நோய் திரும்பி வரும், பழி வேலையின் மேல் விழும். காலைத் தூக்கக் கலக்கத்துக்குப் பயந்து ஓலன்சபின், குவெட்டியாபின் போன்றவற்றைத் தாமாகக் குறைப்பவர்களும் உண்டு. இரவு பதினொன்றுக்குப் போடும் மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டிருந்தாலே பல நேரம் தீர்ந்திருக்கும்.

பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் மருந்தை எடுப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்படுவது. இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம். அன்று தாமதமாக வர முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அனல் அடிக்கும் பட்டறையில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். கை நடுக்கம் கூடி, தள்ளாட்டமும் வாந்தியும் வந்தால் ஷிப்ட் முடியக் காத்திருக்கக் கூடாது. பைபோலார் உள்ளவருக்கு வாரம் மாறும் ஷிப்ட் ஆகவே ஆகாது. தூக்கம் குலைந்தால் அடுத்து மனநிலை குலையும்.

மாவட்ட மருத்துவமனையில் இலவச மாத்திரை வாங்குகிறவர்கள், ஓபி நாள் எது என்று பார்த்து வார விடுமுறையை அதே நாளுக்குக் கேட்பது நல்லது. நடுவில் திண்டாட்டம் என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், நாள் முழுக்கத் தமிழில் பேசலாம்.

'முழுசா குணமாகட்டும், அப்புறம் வேலை'

இப்படிச் சொல்லியே ஐந்தாறு ஆண்டு போய்விடுகிறது. ஊதுபத்தி, மெழுகுவத்திப் பயிற்சி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிடுவதும் இதன் தொடர்ச்சிதான். 1990-களில் அமெரிக்காவில் உருவான ஒரு முறை இதைத் தலைகீழாக்கியது. சுருக்கப்பெயர் ஐபிஎஸ், போலீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் உண்மையான சம்பள வேலை, பிறகு அந்த இடத்திலேயே பயிற்சியும் துணையும். பயிற்சி முடித்து வேலை தேடும் பழைய முறையைவிட இதில் அதிகம் பேர் வேலையில் சேர்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டளவிலும் இதைச் செய்யலாம்: தினம் மூன்று நான்கு மணி நேரம், ஒரே பஸ்ஸில் போகும் தூரம், சின்னதானாலும் கையில் சம்பளம். மாதம் ஒருமுறை பார்த்து மணி நேரத்தைக் கூட்டுங்கள். சொந்தக்காரர் கடையில் சம்பளமில்லாமல் 'சும்மா உட்காரட்டும்' என்று விடுவது இதில் சேராது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் மாற்றுத்திறனாளிச் சான்றைச் சேர்க்க மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் வேலையற்றோர் உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவினர் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் மூப்பு போய்விடும். மனநோய்ச் சான்று தற்காலிகமாக வழங்கப்பட்டிருந்தால் அதில் முடிவுத் தேதி இருக்கும். சான்று சரிபார்ப்பு அன்று அது காலாவதியாகியிருந்தால் தேர்வில் வென்றும் இடம் கைநழுவலாம். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே மறுமதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுங்கள்.