மதுரையிலிருந்து சிங்கப்பூர்: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

மேலூர், காரைக்குடி வட்டாரங்களில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுக்குச் செல்ல முதன்முறையாக விமானம் ஏறும் பெற்றோர் பலர் உண்டு. பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் நேரங்களைக் கண்டு அவர்கள் கலங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தாளும், கணக்குப் போட ஒரு கைபேசியும் இருந்தால் அந்தக் கலக்கத்துக்கு இடமில்லை.

முதலில், இரண்டு விமான நிலையங்களும் பூமியில் எங்கே இருக்கின்றன என்பதைக் கைபேசி வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மதுரை விமான நிலையம் வட அட்சரேகை 9.83 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.09 பாகையிலும் உள்ளது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.35, 103.99. இரண்டுக்கும் இடையே அட்சத்தில் 8.48, தீர்க்கத்தில் 25.90 பாகை வேறுபாடு.

அடுத்த படியில்தான் கவனம் வேண்டும். தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருவதால், 25.90 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரு அட்சங்களின் சராசரியான 5.59 பாகையின் கொசைன் மதிப்பாகிய 0.995 ஆல் அதைப் பெருக்கினால் 25.77 கிடைக்கும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி 8.48, 25.77 ஆகிய இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 27.13 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கும்போது ஏறத்தாழ 3,015 கிலோமீட்டர் வருகிறது. இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் இந்தக் குறுக்குவழி இவ்வளவு துல்லியமாக அமைகிறது. லண்டன் போல வடக்கே வெகுதொலைவில் உள்ள ஊர்களுக்கு இது பிழையான விடையே தரும். அங்கே கோள முக்கோணவியல் தேவை.

இனி நேரம். நடுத்தர அளவு ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 3,015ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 38 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும் அரை மணி நேரம் கூட்டினால் ஏறத்தாழ 4 மணி 10 நிமிடம்.

காற்றையும் மறக்க வேண்டாம். ஆடி மாதத்தில் நம் ஊரில் தரையோடு வீசும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆனால் பத்துக் கிலோமீட்டருக்கு மேலே தென்னிந்திய வானில் அதே பருவத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. ஆகவே அப்போது சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று.

பெரியவர்களைக் குழப்புவது கடைசிப் படிதான். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. மதுரையில் இரவு 11.00 மணிக்குக் கிளம்பினால், நம் கணக்கில் அதிகாலை 3.10, அங்கே 5.40. திரும்பும்போது அங்கே மாலை 7.00 மணிக்குக் கிளம்பினால் இங்கே இரவு 8.40. சீட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பயணம் போலத் தோன்றும். அது அச்சுப்பிழை அன்று.

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது நல்லது. மேற்சொன்ன 11.00 மணி விமானத்துக்கு மேலூர்க்காரர் மாலை 6.30 மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பி, மாட்டுத்தாவணியிலிருந்து சுற்றுச்சாலை வழியே வந்துவிடலாம். சாங்கியில் காத்திருக்கும் பிள்ளையிடம், குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் நேரம் விட்டு, 6.40 மணி என்று சொல்லி வையுங்கள்.