எஸ்ஓபில பழைய வேலையையும் அடுத்த படிப்பையும் கோர்த்த கதை

சிவில் முடிச்சு மூணு வருஷம் போர்வெல் சைட் வேலை பாத்தேன். நெதர்லாந்து டெல்ஃப்ட்ல இருக்குற ஐஹெச்இங்கற தண்ணி சம்பந்தமான படிப்பு சொல்லித்தர்ற நிறுவனத்துக்கு மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணப்போ, எஸ்ஓபியோட (ஏன் இந்தப் படிப்புன்னு நாமளே எழுதிக் குடுக்குற கட்டுரை) முதல் டிராஃப்ட்ல ரெஸ்யூமேவையே வரி வரியா எழுதி, கடைசில "தண்ணிப் பிரச்சனைய தீர்க்கணும்"னு முடிச்சிருந்தேன். படிச்சுப் பாத்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "அந்த வேலைல நீ எங்கடா தெரியாம முழிச்ச?" அதுலதான் எனக்குப் பிடி கிடைச்சுது.

2019ல சென்னைக்கு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சுல்ல, அந்த சமயம் வேளச்சேரில ஒரு அபார்ட்மெண்ட் போர்ல தண்ணி மட்டம் அளக்குற டேப்ப இறக்குறேன், நுனி காய்ஞ்சே மேல வருது, செக்ரட்டரி "இன்னும் எத்தன அடி போட்டா வரும் தம்பி"ங்கறார், எனக்கு பதில் சொல்லத் தெரியல. அதையே ஓப்பனிங்கா வச்சேன். அந்த பதில் தெரியணும்னா நிலத்தடி நீர் மாடலிங் (மண்ணுக்கடியில தண்ணி எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) வேணும், மோட்ஃப்ளோ மாதிரி சாஃப்ட்வேர்ல கை பழகணும், அதுக்குத்தான் இந்த கோர்ஸ், முடிச்சதும் கடலோரத்துல உப்புத்தண்ணி நிலத்துக்குள்ள ஏறுறத கணக்கு போடுற வேலைன்னு ஒண்ணப் புடிச்சு ஒண்ணா எழுதினேன். "சின்ன வயசுல இருந்தே ஆர்வம்"ங்கற வரிய தூக்கிட்டேன், தயவுசெஞ்சு அத யாரும் எழுதாதீங்க. ஒன்றரை பக்கத்துல முடிஞ்சுது, அக்கா படிச்சுட்டு "இப்பதான் இது நீ"ன்னாங்க, அன்னிக்கு ராத்திரியே சப்மிட் பண்ணிட்டேன்.