மூட்டு மாற்று அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நம் பெரியவர்களுக்கு முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் முற்றி, செயற்கை மூட்டு பொருத்தலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாலும், அரசு மருத்துவமனையில் முறை வருவதற்கு நெடுநாள் காத்திருக்க நேரிடும். அந்த நாட்களை வலி மாத்திரையோடு மட்டும் கழித்துவிடாதீர்கள். அறுவையின் பலனில் பெரும்பங்கு அதற்கு முந்திய வாரங்களிலேயே முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது கிருமித் தொற்று. செயற்கை மூட்டு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனது. அதில் இரத்தம் ஓடுவதில்லை. எனவே அதன்மேல் கிருமி ஒட்டிவிட்டால் மருந்தால் மட்டும் அகற்றுவது கடினம். பல வேளைகளில் மறுபடியும் அறுவை செய்ய வேண்டியிருக்கும். ஆகையால் சொத்தைப் பல்லுக்கு முன்கூட்டியே சிகிச்சை பெறுங்கள். கால்விரல் இடுக்கில் உள்ள புண்ணையும் சிறுநீர் எரிச்சலையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அறுவையைத் தள்ளிவைக்கும் மருத்துவர்கள் பலர். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் பொதுவாக மூன்று மாத இடைவெளி வேண்டும்.

தைப்பூசத்திலோ சித்திரையிலோ காவடி எடுத்து அலகு குத்திக்கொள்பவர்கள் அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். ஆறாத புண்ணோடு அறுவைக்குச் செல்லக் கூடாது. அந்த ஆண்டு நேர்த்திக்கடனை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். முருகன் குறையாக நினைக்க மாட்டான்.

தொடைத் தசை வலுவாக இருந்தால் பிறகு எழுந்து நடப்பது எளிது. படுத்தபடி காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தை மெத்தையில் அழுத்தி, ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பின் தளர்த்துவதை நாள்தோறும் பலமுறை செய்யலாம்.

நம் வீடுகள் பல மேட்டுச் சரிவில் இருப்பதால் வாசற்படிக்குக் கைப்பிடி அமைப்பது இன்றியமையாதது. ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது அறுவை செய்த காலையும் முதலில் வைக்க வேண்டும். தரைவிரிப்புகளை எடுத்துவிடுங்கள், கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியும் கழிப்பறை இருக்கையை உயர்த்தும் சாதனமும் தேவைப்படும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை தாழ்ந்த மணையில் அமர்வதையும், கால்மேல் கால் போடுவதையும், கீழே கிடப்பதை எடுக்க ஆழக் குனிவதையும் தவிர்க்க வேண்டும். முழங்கால் மாற்றியவர்கள் படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளக் கூடாது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுதாக நீளாமல் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

வீடு திரும்பிய பின் காயத்தில் சீழோ ஓயாத கசிவோ காய்ச்சலோ கண்டால், வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை விழுங்காமல், அறுவை செய்த மருத்துவக் குழுவிடமே காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்; அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, இரவானாலும் விடியும்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.