ஒரு மணி நேர வெயில்: வெளியே உட்கார்ந்து வாட்டர்கலர் வரையத் தொடங்குகிறவர்களுக்கு

திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் நிற்கிற முருகன் கோயிலை முதன்முதலாக வரையப் போனபோது, காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மண்டபத் தூண்களின் நிழல் ஒரு பக்கம் விழுந்திருந்தது, கரை மரத்தின் நிழல் எதிர்ப்பக்கம். காலையும் மதியமும் ஒரே தாளில் கலந்துவிட்டன.

சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஆகவே வெளியில் வரைகிறவர் முதலில் பழக வேண்டியது நேரம். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. கீழே உள்ளவை எல்லாம் அதற்குள் அடங்குவதற்கான வழிகள்.

1. பை கனக்கக் கூடாது

300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாளை நோட்டுப் புத்தகத்தில் பாதி அளவுக்கு வெட்டி, ஒரு அட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். 6, 10 ஆம் எண்களில் இரண்டு உருண்டை பிரஷ், ஒரு பென்சில், பழைய பருத்தித் துணி, இரண்டு டப்பா தண்ணீர். கலரில் ஐந்து போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), அல்ட்ராமரைன் புளூ (அடர்நீலம்). பணம் குறைவாக இருந்தால் பிரஷ்ஷில் மிச்சம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள். மெல்லிய தாள் முதல் ஈரத்திலேயே அலை அலையாக எழும்பிவிடும்.

2. நிழலில் உட்காருங்கள்

தாள்மேல் நேர் வெயில் பட்டால் எல்லாம் வெளிறித் தெரியும்; கண் கூசக் கூச அடர்த்தியாகப் பூசுவீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். கூலிங் கிளாஸும் வேண்டாம், நிறத்தை மாற்றிக் காட்டும்.

3. தாளைத் தொடுமுன் பத்து நிமிஷம்

கோயில், படித்துறை, குளிக்கிறவர்கள், அக்கரைத் தோப்பு என எல்லாவற்றையும் வரைய ஆசை வரும். எது உங்களை அங்கே உட்கார வைத்ததோ அதை மட்டும் எடுங்கள். எனக்கு அது தூண்களுக்கு நடுவிலுள்ள இருட்டு. தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே அழுத்தத்தில் பென்சிலால் நிரப்புங்கள். மூலையில் மணியைக் குறித்து, வெயில் வரும் திசைக்கு ஒரு அம்புக்குறி. பிறகு வெயில் எங்கே போனாலும் நீங்கள் அந்த அம்புக்குறியைத்தான் நம்ப வேண்டும்.

4. வெளிறிய நிறங்கள்

வானம், மணல், கல், தண்ணீர். நிறையத் தண்ணீர் கலந்து பெரிய பிரஷ்ஷால் போட்டுவிட்டு விலகுங்கள். தண்ணீரில் வெயில் மினுங்கும் இடங்களில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு வெள்ளை பூசி அந்த மினுக்கத்தைக் கொண்டுவர முடியாது. காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்.

5. பச்சை

பலர் தடுமாறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டியூப் பச்சையை அப்படியே பூசினால் பனையும் வாழையும் ஒரே மரமாகிவிடும். நாற்றங்கால் பச்சையில் முக்கால் பங்கு லெமன் யெல்லோ, நீலம் பேருக்குத்தான். வெயிலுக்கு எதிரே நிற்கும் வாழை இலை ஏறக்குறைய மஞ்சள். பனை ஓலை சாம்பல் பூத்த பச்சை: நீலத்தை ஏற்றி, பர்ன்ட் சியன்னா ஒரு துளி. தென்னந்தோப்பின் உள்பக்கம் யெல்லோ ஓக்கரும் நீலமும். பங்குனியில் வேம்பு துளிர்க்கும்போது அது பச்சையே இல்லை, செம்பு. ஒரு நாள் படமே வரையாமல் உங்கள் தெருவிலுள்ள ஆறு மரங்களின் பச்சையை மட்டும் கட்டம் கட்டமாகக் கலந்து பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கிற தெரு வேறு.

6. நிழல்களை ஒரே மூச்சில்

அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். தூணில் தொடங்கி, தரையில் இறங்கி, படிகளில் மடிந்து போகும் வரை பிரஷ்ஷை எடுக்காமல் இழுங்கள். ஆற்றோர மண்டபத்தில் ஒரு அழகு உண்டு: தண்ணீரில் பட்ட வெயில் மேலே எழும்பி, விதானத்தை உள்ளிருந்து ஒளிர வைக்கும். நிழல் ஈரமாக இருக்கும்போதே அங்கே ஒரு சொட்டு யெல்லோ ஓக்கர் விடுங்கள். கல் மூச்சு விடும்.

7. வேடிக்கை பார்க்கிறவர்கள்

வருவார்கள், பயப்படாதீர்கள். துணி துவைத்துவிட்டுப் போன ஒரு ஆச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று, “மண்டபத்துக்கு மேல சாஞ்சு கெடக்க கொப்ப விட்டுட்டியே ஐயா” என்றார். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கிளைதான் படத்துக்கு வேண்டியிருந்தது.

8. நிறுத்துங்கள், மறுபடி போங்கள்

மணி ஆனதும் எழுந்துவிடுங்கள். கலர் கலந்த தண்ணீரை ஆற்றில் ஊற்றாமல் டப்பாவை மூடி எடுத்து வாருங்கள். வீட்டில் போய்த் திருத்தவும் வேண்டாம். 1890-91இல் வைக்கோல் போர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, வெளிச்சம் மாற மாற ஒரு கித்தானை (கேன்வாஸ்) வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நம்மிடம் அத்தனை கித்தான் இல்லாவிட்டாலும் நாளைக்கு இன்னொரு துண்டுத் தாள் இருக்கிறது.

தாளின் பின்பக்கம் தேதி, மணி, ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரை என்று எழுதிவையுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே படியில் போய் உட்காருங்கள். ஆறு செம்மண் கலங்கலாகப் போகும், கீழ்ப்படிகள் தெரியாது. அன்றைக்கு நீலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஓக்கரும் தாராளமாகப் பிழிந்துகொள்ளுங்கள்.