பழைய கொம்பியூட்டரை வீட்டு ஃபயர்வோலாக மாற்றுவது

ஃபயர்வோல் என்பது வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, எது வரலாம், எது போகலாம் என்று பார்க்கும் காவல் பெட்டி. முதலில் கரண்ட் கணக்கு. ஃபயர்வோல் இரவு பகலாக ஓடும். 40 வொட் இழுக்கும் இயந்திரம் மாதத்துக்கு ஏறத்தாழ 29 அலகு தின்னும். பென்டியம் 4 காலத்துப் பெட்டி என்றால் 100 வொட்டைத் தாண்டும், அதாவது 72 அலகு. நம் மின்பட்டியல் படிப்படியாக ஏறுவது, அடுத்த படிக்குள் விழுந்தால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். ஆகவே அலுவலகங்கள் கழித்துவிடும் இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள். 64 பிட், 4 ஜிபி ரேம், சிறிய எஸ்எஸ்டி ஒன்று: இவை போதும். மடிக்கணினியில் பற்றரி இருப்பது வசதிதான், ஆனால் கேபிள் துளை ஒன்றே ஒன்று. யூஎஸ்பி அடாப்டரை நம்பி இறங்காதீர்கள், இடையிடையே விழும்.

பலர் சறுக்குவது நெட்வேர்க் கார்டில். இரண்டு துளைகள் வேண்டும்: ஒன்று வெளியே ஃபைபர் ரவுட்டருக்கு, ஒன்று வீட்டுக்குள். நாம் நிறுவப்போகும் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வோல் மென்பொருள் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுவது. அங்கே இன்டெல் கார்டுகள் சத்தமில்லாமல் வேலை செய்யும், ரியல்டெக் சில்லுகள் பாரம் கூடும்போது இணைப்பை விட்டுவிடுவதுண்டு. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கார்டு வாங்கும்போது பெட்டியின் பெயரை விட்டுவிட்டு, கார்டில் உள்ள சில்லின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒல்லியான டெஸ்க்டொப் என்றால் அரை உயரத் தகடும் சேர்த்துக் கேளுங்கள், முழுத் தகடு உள்ளே போகாது. இரட்டைத் துளைக் கார்டுகள் பெரும்பாலும் நீள ஸ்லொட்டுக்கானவை, கிராஃபிக்ஸ் கார்டு இருந்த இடத்தில் செருகலாம்.

பெட்டியைத் திறந்த கையோடு தூசியை ஊதி, ரேமின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் துடைத்துவிடுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்காற்றில் அவை மங்கிப்போயிருக்கும். உள்ளே நேரத்தைக் காக்கும் சிஆர் 2032 நாணயப் பற்றரியைப் புதிதாகப் போடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் நேரம் பல வருடம் பின்னே போகும், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று மென்பொருள் புதுப்பிப்பு மறுக்கும். பயோஸில் (கொம்பியூட்டர் எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) இரண்டு வேலை: கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி வையுங்கள், செக்யூர் பூட்டை அணையுங்கள்.

ஓபிஎன்சென்ஸில் 'விஜிஏ' பதிப்பை இறக்கி, விரித்து, யூஎஸ்பியில் எழுதுங்கள். கோப்பின் பெயரில் ஏஎம்டி64 என்றிருந்தாலும் இன்டெல்லுக்கும் அதுதான். பூட் ஆனதும் பயனர் பெயர் 'இன்ஸ்டாலர்', கடவுச்சொல் 'ஓபிஎன்சென்ஸ்', இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். வட்டு அமைப்புக்கு ஸீஎஃப்எஸ் தெரிவு செய்யுங்கள். திடீரென்று கரண்ட் போனால் மற்றத் தெரிவான யூஎஃப்எஸ்ஸை விட அது தாங்கும். நிறுவும்போதே ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

இனி அடிக்கடி தலைவலி தரும் இடம். ஃபயர்வோலின் வீட்டுப்பக்க முகவரி 192.168.1.1 என்றே வரும். ஃபைபர் ரவுட்டரும் பல வீடுகளில் அதே முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். இரு பக்கமும் ஒரே வலையமைப்பானால் எந்தத் தரவுப் பொதி எங்கே போவதென்று பெட்டிக்குத் தெரியாது. கேபிளெல்லாம் சரி, விளக்கெல்லாம் எரிகிறது, இணையம் மட்டும் இல்லை. கொன்சோல் பட்டியலில் 1ஐ அழுத்தித் துளைகளை ஒதுக்குங்கள், பிறகு 2ஐ அழுத்தி வீட்டுப்பக்கத்தை 192.168.10.1, மாஸ்க் 24 என்று மாற்றுங்கள். அப்ஸ்ட்ரீம் கேட்வே கேட்கும்போது வெறும் என்டர். அங்கே ஏதாவது எழுதினால் வேறு குழப்பம் தொடங்கும். சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை இயக்கி 192.168.10.50 முதல் 199 வரை கொடுங்கள்.

பியோ ரீவி (ஃபைபர் வழியே வரும் தொலைக்காட்சி) பெட்டியை ஃபைபர் ரவுட்டரிலேயே விட்டுவிடுங்கள், அதை ஃபயர்வோல் வழியே இழுப்பது வீண் மினக்கேடு. ஃபைபர் ரவுட்டரையும் ஃபயர்வோலையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

வைஃபைக்குப் பழைய ரவுட்டர் ஒன்று போதும். அதன் டிஎச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.10.2 ஆக்கி, ஃபயர்வோலிலிருந்து வரும் கேபிளை அதன் லான் (வீட்டுப்பக்க) துளையில் செருகுங்கள். வான் (இணையப்பக்க) துளையில் செருகினால் இன்னொரு வலையமைப்பு முளைக்கும். வேகம் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றால் கேபிளில் நான்கு கம்பிகள்தான் தொடர்பில் இருக்கின்றன என்று சந்தேகியுங்கள்.

தொடக்க விதிகளே வெளியிலிருந்து வருவதைத் தடுத்து, உள்ளிருந்து போவதை விடும். சிசிரிவி பெட்டி வெளியே பேசக்கூடாது என்றால் அதற்கு நிலையான முகவரி கொடுத்து, தடை விதியை 'அனைத்தையும் அனுமதி' விதிக்கு மேலே வையுங்கள். முதலில் பொருந்துவதே செல்லும், கீழே வைத்தால் பயனில்லை. அதன் பின் வெளியூரிலிருந்து போனில் கமெரா பார்க்க முடியாது, வீட்டுக்குள் பார்க்கலாம். ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு சாதனங்கள் தமக்குள் பேசுவது ஃபயர்வோலைத் தொடுவதே இல்லை. அதையும் பிரிக்க வேண்டுமென்றால் மூன்றாவது துளை அல்லது ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலான் ஸ்விட்ச் தேவை.

எல்லாம் ஓடியதும் அமைப்புகளின் பிரதியை இறக்கி வேறிடத்தில் வையுங்கள். ஃபைபர் ரவுட்டரின் சொந்த வைஃபையையும் அணையுங்கள். வீட்டுப் போன்களுக்கு அந்தப் பழைய கடவுச்சொல் ஞாபகம் இருக்கும். சிக்னல் கிடைத்தால் ஃபயர்வோலைச் சுற்றிக்கொண்டு அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.