தாம்பரம் ரயில் நடுவழியில் நின்றால்: காத்திருப்பதா, இறங்கிவிடுவதா?

நான் குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்கி வேலைக்குப் போகிறவள். பீச் – தாம்பரம் தடத்தில் ரயில் நின்றுபோனால் பெட்டிக்குள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பதறி, தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டு ஆட்டோவுக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வண்டி ஏன் நிற்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அது தெரிந்தால் மற்றதை முடிவு செய்வது சுலபம்.

முதலில் தலைக்கு மேலே ஃபேனைப் பாருங்கள். ஃபேனும் லைட்டும் வழக்கம்போல ஓடினால் மேலே கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பெரும்பாலும் சிக்னல்தான் காரணம். நம் தடத்தில் இருப்பது தானியங்கி சிக்னல். அது சிவப்பிலேயே நின்றுவிட்டால், பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, ஓட்டுநர் மிக மெதுவாக வண்டியை நகர்த்தலாம் என்பது விதி. அதனால் வண்டி நிற்பதும், ஊர்வதும், மறுபடி நிற்பதுமாக இருந்தால் முன்னால் ஒரு வண்டி மாட்டியிருக்கிறது, இல்லை சிக்னல் பழுது. தாமதமாகும், ஆனால் போய்ச் சேரும். உட்கார்ந்திருங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேனும் லைட்டும் சட்டென்று போய் உடனே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பகுதியின் மின்சாரத்திலிருந்து அடுத்த பகுதிக்கு மாறும் இடத்தைக் கடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வண்டியும் நின்று, ஃபேனும் நின்று, சில நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவனியுங்கள். அதில் மின்சார ரயில் ஓடினால் கோளாறு நம் வண்டியிலோ நம் தடத்திலோதான். அங்கேயும் ஒன்றும் வரவில்லையா? மேலே கம்பி அறுந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய டவர் வேகன் என்ற பழுதுபார்க்கும் வண்டி வந்தாக வேண்டும். அப்படியானால் சீக்கிரம் கிளம்பாது என்று முடிவு செய்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் போன் போட்டுவிடுங்கள்.

மழை நாள் கணக்கே வேறு. தண்டவாளத்தில் சின்ன மின்னோட்டம் ஒன்றை ஓடவிட்டுத்தான் பல இடங்களில் வண்டி எங்கே இருக்கிறது என்று சிக்னல் தெரிந்துகொள்கிறது. தண்ணீர் தண்டவாளத்தை மூடினால் அந்த மின்னோட்டம் திசைமாறி, வண்டியே இல்லாத இடத்திலும் சிக்னல் சிவப்பாகிவிடும். ஆபத்தில்லாத பக்கம் தவறட்டும் என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். பெருமழையில் சேவையையே நிறுத்திவிடுவதும் உண்டு; 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலின்போது புறநகர் ரயில்கள் ஓடவில்லை. அந்த மாதிரி எச்சரிக்கை வந்த நாளில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தால் எங்கே இறங்குவது? எழும்பூர், கிண்டி, பரங்கிமலை மூன்றிலும் மெட்ரோ ரயில் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல் மெட்ரோ. திரிசூலத்தில் சாலையைத் தாண்டினால் விமான நிலைய மெட்ரோ. தாம்பரம் பக்கம் போகிறவர்கள் மெட்ரோவில் விமான நிலையம் வரை வந்துவிட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் கிடைக்கும். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் மூன்றுக்குமே அந்த ரோடு பக்கத்தில்தான். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசு இல்லாமல் போகலாம் என்பது இந்த மாதிரி நேரத்தில் பெரிய உதவி. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் பக்கம் மாட்டிக்கொண்டால் அவ்வளவு சுலபமில்லை. முடிந்தால் மாம்பலம் வரை பொறுத்து, தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுங்கள்.

தாம்பரத்திலோ மாம்பலத்திலோ எக்ஸ்பிரஸ் வந்து நின்றால் ஏறிவிடத் தோன்றும். உங்கள் சீசன் டிக்கெட் அதில் செல்லுமா என்று கவுண்ட்டரில் கேட்காமல் ஏறாதீர்கள். பிடித்தால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டிக்கெட் காசு.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வண்டி நின்றால் தண்டவாளத்தில் குதிக்காதீர்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட். அறுந்த கம்பி எங்கே கிடக்கிறது என்று இருட்டில் தெரியாது. நம் தடம் செத்துக் கிடந்தாலும் பக்கத்துத் தடத்தில் எக்ஸ்பிரஸ் வரலாம். ஒரு மழை நாள் சாயங்காலம் சைதாப்பேட்டை தாண்டி, அடையாற்றுப் பாலத்தின் மேல் எங்கள் வண்டி நின்றுவிட்டது. லேடீஸ் பெட்டியில் லைட் இல்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி, கிண்டி பக்கம்தானே, நடந்துவிடலாம் என்று பையை மாட்டிக்கொண்டு கதவோரம் போய்விட்டாள். மல்லிப்பூ மூட்டையோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அவள் பைவாரைப் பிடித்து இழுத்தார். "பாப்பா, கீழ பாத்துட்டு கால வை. ஆறு ஓடுது." யாரோ போன் டார்ச்சைக் கீழே அடித்தார்கள். கம்பிக்கு அப்பால் கறுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் பேசாமல் வந்து பூ மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படி நிற்கும் நேரத்தில் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நிற்காமல் காற்றுக்கு வழிவிடுங்கள். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் எப்போதும் இருக்கட்டும். யாருக்காவது முடியாமல் போனால் ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிட்டு, எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நிற்கிறீர்கள், முன்பக்கத்திலிருந்து எத்தனையாவது பெட்டி என்று சொல்லுங்கள். கோபத்தில் அபாயச் சங்கிலியை இழுக்காதீர்கள்; வண்டி கிளம்புவது இன்னும் தள்ளித்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்பு வேலைக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். சனிக்கிழமை ராத்திரியே பார்த்துவிட்டால் குழந்தைகளோடு பிளாட்பாரத்தில் காய வேண்டாம்.

அப்புறம் புகார். பலர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். ரயில்மதத் செயலியில் எழுதுங்கள். "ரயில் லேட்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடம், எத்தனை மணிக்கு நின்றது, அறிவிப்பு கொடுத்தார்களா, லைட் இருந்ததா என்று எழுதுங்கள். பெட்டி எண் வெளிப்புறத்தில் பெயின்டில் எழுதியிருக்கும். இறங்கியதும் ஒரு போட்டோ எடுத்து அதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.